ஒன்றேகால் சுற்று

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட். அவருக்கு வலது பக்கம் பிரின்சிபால் அம்மா. ஜன்னலோரம், நாற்காலியின் நுனியில், பி.டி. மேடம். கதவருகில் நின்றுகொண்டு நான். யாரைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோமோ அந்தப் பெண் அங்கே இல்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்று மற்றவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

முந்தின நாள் பட்டணத்தில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டியில் அவளைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று கரஸ்பாண்டன்ட் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்பதும் தெரியும்.

அந்த வேலைக்கு நான் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1991 ஜூன் மாதம், கிளார்க் வேலை கேட்டுத்தான் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சாலையோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஆரம்பித்திருந்த புதிய பெண்கள் கல்லூரி அது. கையில் பி.ஏ. பட்டமும் டைப்பிங் லோயர் சர்டிபிகேட்டும் இருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

"கிளார்க்குக்கு ஆள் எடுத்தாச்சுப்பா," என்றார் கரஸ்பாண்டன்ட். "எந்த ஊரு?"

"செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் சார்."

"அப்ப நீச்சல் தெரியும்."

"தெரியும் சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த விளையாட்டுப் போட்டிச் சுற்றறிக்கையைத் தட்டிக்காட்டினார். "வாலிபால், கபடின்னு போனா கூட்டம் கூட்டமா வர்றாங்க. பொம்பளைப் பிள்ளைங்க நீச்சலுக்கு நாலஞ்சு காலேஜ்தான் வருது. எறங்கினாலே ஏதாவது கிடைச்சிடும் போல. எனக்கு இந்த அலமாரில ஒரு சர்டிபிகேட் மாட்டணும். நீ போட்டியில நீந்தியிருக்கியா?"

"நீந்தியிருக்கேன் சார்," என்றேன்.

அது பொய். நான் கலந்துகொண்ட ஒரே போட்டி, ஏரி மதகிலிருந்து தண்ணீருக்கு நடுவே நின்ற கருவேல மரம் வரைக்கும், கூடப் படித்த பையன்களோடு. நீச்சல் குளம் என்ற ஒன்றைப் பேருந்து ஜன்னல் வழியாக, அதுவும் அதன் மதிற்சுவரை மட்டும் பார்த்திருந்தேன்.

"மாசம் நானூத்தி அம்பது. ஆறு மாசம் பார்ப்போம். ஒண்ணு தேறினா ஆர்டர் அடிச்சுத் தரேன். தேறலைன்னா நீயும் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. இன்னொண்ணு, நீ ஆம்பளைப் பையன். தண்ணியில கால் வைக்கக் கூடாது. மேலேருந்தே சொல்லிக் குடு. பி.டி. மேடம் எப்பவும் கூட இருப்பாங்க."

வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி: "எழுதிக் குடுத்துட்டாங்களா?" அவர் ஒரகடம் பக்கம் குவாரியில் கல் உடைக்கிறவர். மேஸ்திரிகள் வாயால் சொன்ன கூலியை நம்பி ஏமாந்த அனுபவம் நிறைய. "வாயால சொல்றது காத்துல பூடும்டா. காயிதத்துல வாங்கினு வா." அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும், கையில் ஒட்டிய கல் தூசியைக் கழுவிக்கொண்டே அதையேதான் கேட்டார். எனக்கும் அந்தக் காகிதம் ஒன்றைத் தவிர வேறு நினைப்பில்லை.

கல்லூரியில் குளம் கிடையாது. பென்னலூரில் ஏரிக்குக் கீழே ஒரு பெரிய வட்டக் கிணறு, ஆடியிலும் தண்ணீர் வற்றாது. அந்த நிலத்துக்காரரின் மகள் எங்கள் கல்லூரியில் படித்ததால், காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. கிணற்றின் குறுக்கே, தண்ணீர் மட்டத்தில், இரண்டு பக்கமும் இரும்பு வளையத்தில் கட்டித் தென்னங்கயிறு ஒன்று கிடக்க வேண்டும். "எவளாவது முழுகினா புடிச்சிக்கட்டும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கோர்ட்டுக்கு நான் அலைய முடியாது."

அந்த மகளையும் சேர்த்து ஆறு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் கிணற்றிலோ ஏரியிலோ நீந்தி வளர்ந்தவர்கள். பழைய சுடிதாரில் இறங்குவார்கள். பி.டி. மேடம் குடை பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பார். அவர் திருநெல்வேலிப் பக்கம், வாலிபால் ஆடியவர். நீச்சல் தெரியாது. நான் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல்லின் மேல் குப்புறப் படுத்து, கையை எப்படி வீச வேண்டும், காலை எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டுவேன்.

"சார், தரையில நல்லாவே நீந்துறீங்க!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வரும்.

"அப்டியே ஸ்ரீபெரும்புதூர் வரிக்கும் போய்ட்டு வந்துடுங்க சார், பஸ் காசு மிச்சம்!"

இரண்டாவது குரல் சுங்குவார்சத்திரத்துப் பெண்ணுடையது. பேருந்து நிறுத்தத்தில் அவள் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். விடியலில் கடைக்கு மாவு ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். ஆறு பேரிலும் அவள்தான் வேகம். வில்லில் இழுத்து விட்ட அம்பு மாதிரி போவாள். எனக்கு வரப்போகும் காகிதம் அவள் கையில்தான் இருக்கிறது என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் நான் படித்த படிப்பைக் காட்டினேன். கயிறு போட்டுக் கிணற்றின் அகலத்தை அளந்தேன். நாற்பத்திரண்டு அடி. இருபத்திரண்டின் கீழ் ஏழால் பெருக்கினால் சுற்றளவு நூற்று முப்பத்திரண்டு அடி. ஐம்பது மீட்டர் என்பது ஏறக்குறைய நூற்று அறுபத்து நான்கு அடி. ஆக, ஒன்றேகால் சுற்று. சுவரை ஒட்டி ஒன்றேகால் சுற்று நீந்தினால் போட்டித் தூரம் முடிந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

படி இறங்கியதும் இடது கைப் பக்கம் மோட்டார்க் குழாய் நீட்டிக்கொண்டிருந்ததால் முதல் நாள் வலது பக்கமாகக் கிளம்பினார்கள். அதுவே வழக்கமாயிற்று. சுவர் எப்போதும் வலது கைக்கு, திரும்புவது எப்போதும் இடது பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கயிறு குறுக்கிடும். அதற்கும் நான் ஒரு வழி செய்தேன். "கயிறு வந்தா நிக்காதே! தலையைக் குனி, அடியில போ, அந்தாண்ட வந்து மூச்சு வாங்கு!" என்று மேலேயிருந்து கத்துவேன். ஆகஸ்டு முடிவதற்குள் சத்திரத்துப் பெண் கயிறு இருப்பதே தெரியாதபடி அதன் அடியில் வழுக்கிப் போகப் பழகிவிட்டாள். அதைப் பார்த்துக் கைதட்டினேன்.

ஒரு நாள் பி.டி. மேடம் கேட்டார்: "தம்பி, அங்க நேராவுல்லா நீந்தணும்? இங்கன செக்கு மாதிரி சுத்துதுகளே."

"தூரம் ஒண்ணுதான் மேடம்," என்று 22/7 கணக்கைச் சொன்னேன்.

"அது சரி. ஒரு தடவை பட்டணத்துக் குளத்துல இறக்கிப் பார்த்துருவமா? காசு கட்டினா ஒரு மணி நேரம் விடுவாங்களாம்."

அங்கே போனால், எப்படிக் குதிப்பது, எங்கே தொடுவது, எது விதி என்று எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். "வேணாம் மேடம், குளோரின் தண்ணி. கண்ணு எரிஞ்சா ஒரு வாரம் பிராக்டீஸ் கெட்டுடும்," என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

போட்டி அக்டோபரில். மேடம் பட்டணத்துக் கடையில் வாங்கி வந்த நீச்சல் உடையை முதன்முதலாக அன்றுதான் போட்டார்கள். துண்டால் கழுத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிந்துகொண்டு வந்தார்கள்.

"சார், இத எங்கம்மா பார்த்துச்சுன்னா இட்லி அடுப்புலயே வெச்சுக் கொளுத்திடும்," என்றாள் சத்திரத்துப் பெண்.

ஒலிபெருக்கியில் ஸ்ரீபெரும்புதூர் என்று எங்கள் கல்லூரியின் ஊரைச் சொன்னதும் நான்கைந்து தலைகள் திரும்பின. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் எல்லோரும் திரும்பித்தான் பார்த்தார்கள். நான் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். குளத்தின் நீளம் முழுக்க, ஒவ்வொருத்தியின் பாதைக்கும் நடுவில், பிளாஸ்டிக் மிதவைகள் கோத்த கயிறுகள். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று பிடிபடுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

சத்திரத்துப் பெண் நன்றாகப் பாய்ந்தாள். பாதித் தூரம் வரை அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய ஆரம்பித்தாள். கை மிதவையில் பட்டது. நிற்கவில்லை. தலையைக் குனிந்தாள், அடியில் போனாள், அடுத்தவள் பாதையில் எழுந்து மூச்சு வாங்கினாள். அங்கே நீந்தி வந்தவள் மோதித் தண்ணீர் குடித்து நின்றுவிட்டாள். இவள் அதே வேகத்தில் போய் இரண்டாவதாகச் சுவரைத் தொட்டு, ஒரு கையை உயரத் தூக்கி, என்னைத் தேடினாள்.

"சார்! செகண்டு சார்!"

நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "லேன் மாறிட்டியேம்மா! கயித்துக்கு அடியில வர்றே! இதுகூடச் சொல்லித் தரலியா? யாரும்மா உங்க கோச்?"

நான் எழுந்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். யார் பெயரையும் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் தங்கள் பந்தயங்களில் கயிற்றை இடித்து, தடுமாறி, கடைசியாக வந்தாலும் எப்படியோ முடித்தார்கள்.

திரும்பும்போது வேனில் அவள் எனக்குப் பின் இருக்கையில் இருந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"சார், நா பயந்துலாம் போவல. யோசிச்சுப் பாத்தேன். கெணத்துல எப்பவும் லெஃப்ட்லயே திரும்பினு இருந்தோம்ல, அதான் ஒடம்பு தானா இட்டுகினு பூட்ச்சு. கவுறு வந்துச்சு. நீங்க சொன்னா மாரி அடியில பூந்தேன். அங்க பூரக் கூடாதுன்னு யாருக்கு சார் தெரியும்?"

"தெரிஞ்சிருக்கணும்," என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை. நாங்கள் மூன்று மாதம் செய்ததை அவள் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள்தான் அந்த அறை.

"என்னதான்யா ஆச்சு?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

பி.டி. மேடம் என்னைப் பார்த்தார். "தம்பிதான் பழக்கினது. தம்பியே சொல்லட்டும்." அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எனக்கு ஓர் இடம் விட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான்.

"பயந்துட்டா சார்," என்றேன். "கூட்டத்தைப் பார்த்ததும் தடுமாறிட்டா. மத்தபடி பிராக்டீஸ் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

கரஸ்பாண்டன்ட் சிரித்தார். "பஸ் ஸ்டாப்புல இட்லி விக்கிற வீட்டுப் பொண்ணு, கூட்டத்தைப் பார்த்து பயந்துச்சா?"

"அது வேற கூட்டம் சார்."

பிரின்சிபால் அம்மா "நல்ல தைரியமான பொண்ணாச்சே" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மேடம் குடையின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி விடு, செகண்டு வர்ற அளவுக்கு நீ பழக்கிட்டே," என்றார் கரஸ்பாண்டன்ட். "அடுத்த வருஷம் பயப்படாத பொண்ணாப் பாரு. மத்தவங்க கடைசின்னாலும் முடிச்சாங்க. இந்தப் பொண்ணு நம்ம மானத்தை வாங்கிடுச்சு. அதுக்குப் பண்ண செலவை அவங்க வீட்டுலயே கட்டச் சொல்லிடுங்க."

அடுத்த வருஷம் என்ற வார்த்தையில் என் மூச்சு திரும்பி வந்தது. செலவு பற்றிய வார்த்தை அதன் பின்னால்தான் காதில் விழுந்தது. அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம்.

டிசம்பரில் ஆர்டரை டைப் அடித்துக் கொடுத்தார்கள். அப்பா அதை எழுத்துக்கூட்டவும் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்து, தலைகீழாக வெகுநேரம் பார்த்தார். ஜனவரியிலிருந்து பயிற்சியை ஏரிக் கால்வாய்க்கு மாற்றினேன். நேராக நீந்த வைத்தேன். கரை இரண்டிலும் நெடுகக் கயிறு கட்டி, தொட்டால் நின்றுவிட வேண்டும் என்றேன். அவள் வேனில் சொன்னதை அப்படியே பாடமாக்கினேன். அடுத்த போட்டியில் நிலத்துக்காரரின் மகளுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சர்டிபிகேட் அலமாரிக்கு மேல் தொங்குகிறது. இப்போதும் நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். பக்கத்துக் கல்லூரி ஒன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறது. பயோடேட்டாவில் "மகளிர் நீச்சல் பயிற்சியாளர், 1991 முதல்" என்று எழுதும்போதெல்லாம் பேனா ஒரு நொடி நிற்கிறது. அவள் படிப்பை முடித்துவிட்டுப் போனாள். அதுவரை தாழ்வாரத்தில் எதிரே வந்தால் "குட்மார்னிங் சார்" என்று மட்டும் சொல்வாள். அந்தப் போட்டிக்குப் பிறகு அவள் தண்ணீரில் இறங்கவில்லை.

அவளுடைய அம்மா ஆபீசுக்கு வந்தது, எனக்கு ஆர்டர் வருவதற்கு முந்தின மாதம். கடையை யாரிடமோ விட்டுவிட்டு, புடவையில் மாவுத் திட்டோடு வந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னை யாரோ காட்டியிருக்க வேண்டும்.

"நீதான் நீச்சல் வாத்தியாரா நைனா? எம் பொண்ணு பயந்துச்சாமே. சின்னதுலேர்ந்து அது எதுக்கும் பயந்தது கிடையாது. இன்னாவோ, யார் கண்ணு பட்டுச்சோ. வூட்ல கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது."

நான் தலையை ஆட்டினேன். அவர் கிளார்க்கிடம் திரும்பி, மொத்தமாக முடியாது, இரண்டு மாதத்தில் கட்டட்டுமா என்று கேட்டார். கிளார்க் ரசீதில் ஒவ்வொன்றாக எழுதினார்: நீச்சல் உடை, நுழைவுக் கட்டணம், வேன் வாடகையில் பங்கு. எல்லாம் சேர்த்து நூற்று எழுபத்தைந்து ரூபாய்.