இரண்டாவது கேபிள்

பெனடிக்ட் அண்ணனை நினைத்தாலே மனசு கனக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவர் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இரண்டு நெட் கேபிள் இழுத்தவர் அவர்தான். இரண்டும் ஒன்றாக ஓடினால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாமே நின்றுவிடும். அதனால் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் உள்ள ஸ்பேனிங் ட்ரீ என்கிற ஏற்பாடு ஒரு கேபிளை அடைத்து வைக்கும்; ஓடுகிற கேபிள் அறுந்தால் அடைத்ததைத் தானே திறந்துவிடும்.

போன மாதம் ஓடிக்கொண்டிருந்த கேபிளை எலி கடித்து அறுத்தது. அரை நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஓடியது.

"பாத்தியா! யாருக்காச்சும் தெரிஞ்சுதா?" என்று அண்ணன் பூரித்துப்போனார். யாரும் புகார் சொல்லவில்லை. அவரும் கடிபட்ட கேபிளை மாற்றவில்லை.

நேற்று அவர் தங்கை ஷைனி அதே சென்டர் மாடியில் ஆன்லைன் இன்டர்வியூவில் இருந்தாள். பர்மனன்ட் வேலை, வயது வரம்பின்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கீழே பெயிண்டர் இழுத்த ஏணியில் மாட்டி மிச்சமிருந்த கேபிளும் அறுந்தது.

"அண்ணா, நெட்டு போச்சு!"

"பயப்படாத பாப்பா, அர நிமிஷத்துல தானா வந்துரும்."

அரை நிமிடம் போயிற்று. அண்ணன் முகம் வெளுத்தது.

"எலி கடிச்சத மாத்துனியாண்ணா?"

அண்ணன் படியிறங்கி ஓடினார். அவர் புதுக் கேபிள் மாட்டி முடிப்பதற்குள் இன்டர்வியூவில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.