பத்து வாட் பெட்டி

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருக்கு எதையும் அளந்து பார்க்காமல் கை ஓடாது. அவர் மனைவி, திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர். இருபத்தாறு வருஷத்துப் பயிற்சிகளைச் சிடிக்களில் பதிந்து, மேலே எண் மட்டும் எழுதி அடுக்கியிருந்தார். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது அவருக்கு மட்டுமே அத்துப்படி.

நுரையீரல் சுருங்கி, ஆக்சிஜன் மெஷினோடு படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தச் சிடிக்களைப் பற்றிய கவலை மனைவியைப் பிடித்தது. சிடிக்களில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல ஏத்தி வெச்சிடுங்க. பெத்தவங்க எப்ப வந்து கேட்டாலும் எடுத்துக்கட்டும். நீங்க ஒவ்வொண்ணா போடுங்க, நான் பேர் சொல்றேன்."

மகள் தன் ஆபீஸில் கழித்துப்போட்ட பெரிய கம்ப்யூட்டரை மறுநாளே கொண்டுவந்தாள். கணவர் அதில் மின்சாரம் அளக்கும் மீட்டரை மாட்டினார். எழுபது வாட். அடிக்கடி கரண்ட் போகும் தெரு அது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆக்சிஜன் மெஷின் நாலு மணி நேரம் ஓடும். இதுவும் சேர்ந்து இழுத்தால் அதில் முக்கால் மணி நேரம் போய்விடும்.

"கரண்ட் போறப்ப இதை மட்டும் நிறுத்திடலாமேப்பா."

"நாள் பூரா ஓடுறதை, நான் வேலைக்குப் போயிருந்தா யாரும்மா நிறுத்துறது? உங்கம்மா மூச்சுல கைவெக்க மாட்டேன்."

பழைய கம்ப்யூட்டர் கடைக்கு நடையாய் நடந்தார். முதலில் ஒரு லேப்டாப், பேட்டரி உப்பியிருந்தது. அடுத்து உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் பலகை ஒன்று; இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து மாட்டினால் மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிட்டது. கடைசியில் ஏதோ அலுவலகக் கவுண்ட்டரில் கழற்றிய, ஃபேன் இல்லாத சின்னப் பெட்டி கிடைத்தது. சுழலாத இரண்டு டிஸ்க்கோடு பத்து வாட். பேட்டரியில் எட்டு நிமிஷம்தான் குறையும். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

"எட்டு நிமிஷம்தானே? உங்களோட சண்டை போடாம இருந்தா மிச்சம் புடிச்சிடுவேன்," என்று சிரித்தார் மனைவி.

சிடி பாடும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். "இவன் 'ம' வந்தா நின்னுடுவான். இப்ப பஸ் கண்டக்டர். நாள் பூரா ஊர் பேரா கத்துறான்." கணவர் பெயரைத் தட்டுவார். ஒரு நாளைக்குப் பதினைந்து சிடிக்கு மேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் மிச்ச சிடிக்களை எண்ணினார். முந்நூற்றுச் சொச்சம். பெட்டி தேடிய அந்த மூன்று வாரத்தில் முடிந்திருக்கும்.

"அம்மாவுக்காகத்தானேப்பா தேடுனீங்க?"

"ஆமா. அவ கேட்டது பேர் சொல்ல நேரம். நான் மூச்சுக்கு நேரம் சேத்துக்கிட்டிருந்தேன்."

மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெயரில்லாமலே மிச்சத்தையும் ஏற்றினார். விஷயம் தெரிந்து பெற்றோர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட்டார்கள். நாலு மாசத்தில் ஒன்பது குரலுக்குப் பெயர் கிடைத்தது.

ஒருநாள் தையற்காரம்மா ஒருவர் வந்து முப்பது குரல் கேட்டார். மகன் எது என்று பிடிபடவில்லை. "பெத்த எனக்கே தெரியலியே," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தவர், "அந்தக் கடைசி ஒண்ணை மறுபடி போடுங்கண்ணே. டீச்சர் ஏதோ சொல்றாங்க," என்றார்.

போட்டார்.

"மெதுவா சொல்லுடா கண்ணு. அவசரமே இல்ல."

இருவரும் முடியும்வரை கேட்டார்கள். பிறகு அவர் அடுத்த எண்ணைத் திறந்தார்.