முடிவெடுக்காத மெர்ல்

அயோவாவில் கெட்டில் க்ரோவ் ஊரின் தானியக் கிடங்கில், மக்காச்சோள லாரிகளை எடை போடுவது மெர்ல் ஸ்டீக்மனின் வேலை. ஆனால் ஊர் உலகம் அவனை அறிந்தது வேறொன்றுக்காக. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று அவன் முடிவெடுக்காதவன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முப்பது வருஷமாக.

சும்மா சொல்லக் கூடாது, அதை அவன் சிரத்தையாகத்தான் செய்தான். ஜனாதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் நாட்டிலேயே முதலில் ஓடி வருவது எங்கள் மாநிலத்துக்கு. வந்தவர்களில் பாதிப் பேர் மெர்லைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முட்டிவலியை விசாரித்திருக்கிறார்கள். மக்காச்சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் சங்கத்தார் ஒரு தொப்பி கொடுத்தார்கள், துப்பாக்கிச் சங்கத்தார் இன்னொரு தொப்பி, ஆசிரியர் சங்கத்தார் காபிக் கோப்பை. யார் மனமும் நோகாதபடி எல்லாவற்றையும் முறை வைத்து உபயோகித்தான்.

டிவிக்காரர்கள் காலையில் சாப்பாட்டுக் கடைக்கே வந்து அவன் எதிரில் உட்காருவார்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் மெர்ல் முட்டைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வான். அன்று மாலை நியூயார்க்கில் கோட்டுப் போட்ட நாலு பேர் அந்த யோசனைக்கு அரை மணி நேரம் அர்த்தம் சொல்வார்கள். இன்னொரு முட்டை வாங்கலாமா என்றுதான் அவன் யோசித்திருப்பான் என்பது என் கட்சி.

அவன் மனைவி டார்லீன் நேர் எதிர். தேர்தலுக்கு ஒன்றரை வருஷம் முன்பே ஒரு வேட்பாளரைப் பிடித்துக்கொள்வாள். பனியில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். அந்த ஆள் கட்டாயம் தோற்பார். ஏழு தேர்தலில் ஏழு பேரைப் பார்த்தாயிற்று. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஊரில் நடக்கும் கூட்டத்தில், மேல் மாநாட்டுக்குப் போய் ஓட்டுப் போட அவள் ஆளுக்கு ஒரு பிரதிநிதிகூடக் கிடைத்ததில்லை. இந்த ஒரு தடவையாவது கிடைத்துவிட வேண்டும் என்று ஏங்கினாள். இந்த முறை அவள் பிடித்திருந்தவர், டிவியில் பேரே சொல்லாத ஒரு மாநில ஆளுநர்.

பிப்ரவரி மாதம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் அந்தக் கட்சிக் கூட்டம். இங்கே ரகசியச் சீட்டெல்லாம் கிடையாது. யாருக்கு ஆதரவோ, அவர் படம் ஒட்டிய சுவரோரம் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். அன்று வந்தது நாற்பது பேர். ஒரு கும்பலில் ஆறு தலையாவது தேறவில்லை என்றால் அது கலைய வேண்டியதுதான். டார்லீனின் சுவரோரம் நின்றது அவளையும் சேர்த்து ஐந்து பேர். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, முடிவெடுக்காதவர்களுக்கான இடத்தில், மெர்ல் ஒருவன். அவன் முகத்துக்கு நேரே கேமரா.

ஆள் மாறிக்கொள்ளக் கால் மணி நேரம் தருவதாகக் கூட்டத்தை நடத்திய கர்ட் அறிவித்தான். உடனே பெரிய கும்பல்களிலிருந்து ஆட்கள் மெர்லைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தன் வேட்பாளர் மருத்துவச் செலவைக் குறைப்பார் என்று மன்றாடினாள். பன்றிப் பண்ணை லாய்ட் ஒரு தட்டு நிறையச் சாக்லேட் கேக்கோடு வந்தான்.

"யோவ் மெர்ல், இந்த ஒரு தடவ எங்க பக்கம் வாய்யா. உன் யோசனையக் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தலை நரைச்சிருச்சு."

மெர்லுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் ஓரக்கண் டார்லீன் மேலேயே இருந்தது. கடைசியில் அவளும் வந்து கேட்பாள் என்று ஒவ்வொரு தேர்தலிலும் காத்திருந்தவன் அவன். அவள் வரவில்லை. பக்கத்தில் நின்ற நூலகக்காரி ஐரீன் பொறுக்கமாட்டாமல், உன் புருஷன்தானே, போய் ஒரு வார்த்தை கேளேன் என்றாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ கேட்டேன்," என்றாள் டார்லீன். "இன்னும் யோசிச்சிட்டிருக்கான்."

அந்தக் கூடத்தில் முணுமுணுத்தாலே எதிரொலிக்கும். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். மெர்லின் காது சிவந்துபோனது. டார்லீன் மட்டும் சிரிக்காமல், சுவரில் ஒட்டியிருந்த படத்தை ஓரம் கிழியாமல் மெல்லப் பிரித்தெடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். ஏழு தடவை செய்து பழகிய கை. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் எவனெவனோ வந்து கெஞ்சியதில் சுகம் கண்டோமே, இவளை இப்படித் தனியாகச் சுருட்ட விட்டோமே என்று நொந்துகொண்டான்.

ஒரு துண்டுக் கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டை லாய்டிடமே விட்டான். முட்டியைப் பிடித்தபடி கூடத்தைக் குறுக்கே கடந்தான். கேமராவும் பின்னாலேயே ஓடியது.

"என்னையும் சேத்து எண்ணு, கர்ட்."

ஆறு. கர்ட் இரண்டு தடவை எண்ணிவிட்டு, ஒரு பிரதிநிதி என்று எழுதிக்கொண்டான். டார்லீன் சுருட்டிய படத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"யாருக்காக நிக்கிறேன்னாவது தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும்."

டிவிப் பெண் மைக்கை நீட்டினாள். முப்பது வருஷ யோசனையை மாற்றியது எது, டிவி விளம்பரமா, சங்கத்தார் சிபாரிசா, வேட்பாளரின் பேச்சா என்று கேட்டாள். கடைசியில் யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றாள்.

"டார்லீன்," என்றான் மெர்ல்.

டிவிப் பெண் தன் கையிலிருந்த வேட்பாளர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"லிஸ்ட்ல அப்படி யாருமே இல்லியே, சார்."

"இருக்காதும்மா," என்றான் மெர்ல். "எனக்கே கண்டுபிடிக்க இவ்வளவு நாளாச்சு."