முயல் கடித்தாலும் சாகாத கூண்டு

கூண்டு செய்வது சுலபம். மழையிலும் வெயிலிலும் நிற்கப் போகிற அந்தக் கூண்டுக்கு என்ன பூசுவது என்பதில்தான் நம்மைப் போன்ற ஆசாரிகளின் தலை நரைக்கிறது.

பச்சைப் பெயிண்ட்

ரப்பர் விலை ஏறியிருந்த காலம். ஈப்போவை அடுத்த கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, மகள் ஆசையாக வளர்த்த இரண்டு முயல்களுக்குக் கூண்டு கேட்டார். துரை பங்களா ஜன்னல் மாதிரி பச்சையாகப் பளபளக்க வேண்டுமாம். ஈயம் கலந்த பெயிண்ட்டை இரண்டு தடவை பூசிக் கொடுத்தேன். முயல் மரத்தைக் கொறிக்கும் என்று எனக்குத் தெரியும். பெயிண்ட்டையும் சேர்த்துத்தான் கொறிக்கும் என்று யோசிக்கவில்லை.

சில நாளில் இரண்டும் தீனி எடுக்காமல் சுருண்டு செத்தன. போய்ப் பார்த்தேன், சட்டமெல்லாம் பல் தடம். அந்தச் சிறுமி என்னைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். கிராணியின் சம்சாரம் வாசலில் நின்று சொன்னார்: "நீ கூண்டு செய்யல ஆசாரி, பாடை செஞ்சு குடுத்திருக்க."

சீனர் கடையில்

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் ஈயப் பெயிண்ட்டைத் தொடவில்லை. ஈப்போவில் வர்ணம் விற்கும் சீனர் கடைக்குப் போய் முயல்கள் செத்த கதையைச் சொன்னேன். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் கை வைத்ததும் கடை முதலாளியான தவுக்கே தடுத்தார். சீக்கிரம் காய்வதற்கு அதிலும் ஈய மருந்து சேர்க்கிறார்களாம். காய்ச்சாத எண்ணெயை எடுத்துக் காட்டி, துணியால் மெல்லிசாகத் தேய்த்து, வாடை போகும்வரை நிழலில் வைக்கச் சொன்னார். காய எத்தனை நாள் என்று கேட்டேன். மலாய் மொழியில் லம்பாட் என்றால் தாமதம், மாத்தி என்றால் சாவு. தவுக்கே இரண்டையும் தமிழில் கோத்துச் சொன்னார்: "லம்பாட்லா ஆசாரி, ஆனா மாத்தி இல்ல."

காம்பார் ஆட்டுக்குட்டிகள்

புந்தோங்கில் இருந்த என் பட்டறைக்கு காம்பாரிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஆட்டுக்குட்டிகளுக்குச் சின்னக் கொட்டகை வேண்டும், உடனே வேண்டும் என்றார். எண்ணெய் பூசி, அது காயாமலே கொடுத்துவிட்டேன். குட்டிகள் சுவரைச் சுற்றிச் சுற்றி நக்கின. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகைதான் பழையபடி வெளுத்து நின்றது. அக்கா திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக் கேட்டார்: "அண்ணே, கொட்டகைக்குப் பூசுனீங்களா, குட்டிக்குத் தீனி வச்சீங்களா?"

மறுபடியும் கோப்பெங்

அதன்பின் அவசரத்துக்கு நான் மசிந்ததில்லை. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே தேன்மெழுகு தேய்த்து ஒரு முயல் கூண்டு செய்தேன். என் சொந்த முயல் ஜோடியை அதில் விட்டேன். ஒரு மாதம் சட்டத்தைக் கடித்துத் தீர்த்தன. பெட்டை ஐந்து குட்டியும் போட்டது. கூண்டோடு அத்தனையையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராணி வீட்டில் இறக்கினேன்.

கிராணியின் சம்சாரம், முயல்கள் கடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார். சிறுமி மெல்ல வெளியே வந்து கம்பி வழியே குட்டிகளை எண்ணினாள். கடைசியில் நிமிர்ந்து பார்த்தாள்: "கலரே இல்ல மாமா, ஆனா எல்லாம் உசிரோட இருக்கு."

இன்றுவரை என் கூண்டுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிரம் குறை சொல்லியிருக்கிறார்கள், கடித்துப் பார்த்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.