பிகுன் தட்டினால்தான் வண்டி நகரும்

“பாலம் வருதுங்க... ஏறிட்டோம்... இறங்கிட்டோம். கூடவே வாங்க.”

மடியிலிருந்த வெள்ளைத் துணி மூட்டையைத் தட்டிக் கொடுத்தபடியே பிகுன் வழி சொல்லிக்கொண்டு வந்தாள். மூட்டைக்குள் அவள் கணவர் தவின், காலையில் அள்ளிய சாம்பலாக, மேக்லாங் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இறந்தவரைக் கூட்டிப் போகிறவர்கள் பாலத்தையும் திருப்பத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உயிர் பாதியிலேயே நின்றுவிடும். ராட்சபுரிப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் ‘பாலம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிகுனோ, “வலது பக்கம் தேங்காய் மண்டிங்க. உங்க கூட்டாளி இந்த வருஷமும் சுவருக்கு வெள்ளையடிக்கல” என்பதுவரை போவாள்.

பழக்க தோஷம். இதே சாலையில், தலை நரைக்கும்வரை, தவின் பஸ் ஓட்டினார். பிகுன் அதே பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட்டும் சில்லறையும் வைக்கிற நீளத் தகரக் குழலைக் கடகடவென்று ஆட்டினாளானால், குறட்டை விடுகிறவன்கூட எழுந்து காசை நீட்டுவான். குழலால் கதவில் ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டு, கிளம்பு. வேலையை விட்டும் குழலை விடவில்லை. இப்போது அதற்குள் பல் குத்தும் குச்சிகளும், சதா மூக்கில் வைத்து உறிஞ்சும் தைலக் குப்பியும். சாப்பாட்டு மேசையிலும் அதே சட்டம்தான்: ஒரு தட்டு தட்டினால் போதும், இரண்டு தட்டினால் இன்னும் போடு.

பிக்அப் வண்டியை ஓட்டிவந்த மகன் சுதேப் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தான். கடல் உள்வாங்கிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். படகுக்காரன் தோன் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். பின்சீட்டில் தவினின் தங்கை லம்யோங், வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

“அண்ணி, ஒரு வாய் சாப்பிடுங்க. அண்ணன் பின்னாடியே நீங்களும் கிளம்பிடாதீங்க.”

ஒட்டரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும். சாவு விழுந்த நாளிலிருந்து பிகுன் சரியாகச் சாப்பிடவில்லை. ஓர் உருண்டையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை மூடி மென்றாள். விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தால், வெளியே உப்பளம்.

“டேய், கோவில் பாலம் எங்கடா?”

“தாண்டியாச்சும்மா.”

“நான் சொல்லவே இல்லையே!”

குழல் கதவில் ஒருமுறை விழுந்தது. சுதேப்பின் கால் அவனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது.

“தண்ணி வத்திடும்மா. அப்பா உன் மடியிலதானே இருக்காரு?”

“மடியில இருக்கிறது சாம்பல். மனுஷன் பாலத்துல நிக்கிறாரு.”

“இதே ரோட்டுல பஸ் ஓட்டினவரும்மா. அவருக்கு வழி தெரியாதா?”

“வழியெல்லாம் தெரியும். நான் தட்டாம அவரு என்னைக்குடா வண்டிய எடுத்திருக்காரு?”

பின்சீட்டிலிருந்து லம்யோங் குரல் கொடுத்தாள். “ஒருதரம் எடுத்தாரே. உங்களப் பெட்ரோல் பங்க்ல விட்டுட்டு.”

“அந்தக் கோவத்துலதான்டி கட்டிக்கிட்டேன்!”

வண்டி திரும்பியது. கோவில் பாலத்தில் பிகுன் இறங்கினாள். கொய்யாப்பழம் விற்கிறவள் வெட்டுகிற கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பிகுன் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“மன்னிச்சுக்குங்க, வாயில சோறு. உங்க தங்கச்சி கறி சுட்ட அழகு, மெல்லவே பாதி ரோடு போயிடுச்சு. வாங்க, ஏறுங்க.” பின்கதவைத் திறந்து பிடித்தாள். “லம்யோங், தள்ளி உட்காரு.”

லம்யோங் பொட்டலத்தோடு தள்ளி உட்கார்ந்தாள்.

முகத்துவாரத்துக்குப் போனபோது தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. தோன் முணுமுணுத்துக்கொண்டே கழியால் ஊன்றிப் படகை வெளியே கொண்டுபோனான். தண்ணீருக்குத் தெய்வமான கங்கைத் தாயிடம் அனுமதி கேட்டு, பன்னீர் தெளித்து, பிகுன் மூட்டையைத் தண்ணீருக்குள் இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். அரிசி கழுவிய தண்ணீர்போலச் சாம்பல் பரவியது. மேலே மல்லிகையைத் தூவினார்கள். தோன் இஞ்சினைப் போட, படகு மூன்று சுற்று வந்தது. இனி திரும்பிப் பார்க்காமல் கரைக்குப் போய்விட வேண்டும்.

பிகுன் படகின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

தோன் சட்டென்று இஞ்சினை அணைத்தான். அந்தப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன்தான் அவனும்.

சத்தம் அடங்கிவிட்டது. கடல் உள்வாங்கி முடிந்த நேரம், ஓட்டமே இல்லை. பூக்கள் ஓர் அங்குலம்கூட நகராமல் படகை ஒட்டியே நின்றன. பிகுன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகின் அடியில் சேறு உரசியது. தோன் சுதேப்பைப் பார்த்தான்.

சுதேப் அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“அம்மா... நீ தட்டுறதுக்காகத்தான் நிக்கிறாரு.”

பிகுன் குழலைத் திறந்து, தைலக் குப்பியை எடுத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தாள். குப்பியை உள்ளே போட்டாள். குழலை மூடினாள்.

பிறகு படகின் விளிம்பில், அழுத்தமாக, இரண்டு தட்டு.