சாமைக் கொல்லையில் தொங்கிய விசிறித் துண்டு

எங்கள் சாமைக் கொல்லைக்குக் கீழே உள்ள தரிசில் அந்தப் பயிற்சி விமானம் விழுந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இறங்கும்போது மூக்கு பாறையில் குத்தி, முன்பக்க விசிறி நொறுங்கிக் கிடந்தது. ஓட்டி வந்த பெண்ணை நான்தான் முதலில் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருக்கும்போதே டப்புன்னு சத்தம்க்கா. விசிறியில ஏதோ உடைஞ்சு போச்சு. விமானமே உதறுச்சு. எஞ்சினை நிறுத்திட்டுதான் இறக்கினேன். யாரும் நம்ப மாட்டாங்க."

நம்பவில்லைதான். விசாரணைக்கு வந்த அதிகாரி, "பாறையில மோதி உடைஞ்சிருக்கு. இறக்கத் தெரியல. இனிமே அந்தப் பொண்ணு பறந்த மாதிரிதான்" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. தப்புச் செய்தவர்களும் அப்படித்தானே சொல்வார்கள்?

நான்காம் நாள் காலை கொல்லையில் புதுச் சத்தம் கேட்டது. கிளியும் பன்றியும் அண்டாமலிருக்க மாமனார் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கும் தகரத் தட்டு, காற்றில் எதன் மீதோ மோதி மணிபோல ஒலித்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்தில் வெள்ளை உலோகத் துண்டு கட்டியிருந்தது. ஒரு முனையில் மஞ்சள் பெயிண்ட். மறுமுனை பிய்ந்திருந்தது.

கீழே நொறுங்கிக் கிடந்த விசிறியிலும் இதே மஞ்சள் முனையைப் பார்த்திருந்தேன். விழுந்த இடத்தைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. உள்ளே புகுந்து எடுத்திருந்தால் மாமனார் மேல் கேஸ் வரும். மேட்டில் எங்காவது தள்ளிக் கிடைத்திருந்தால் அந்தப் பெண் சொன்னது உண்மை.

"மாமா, இது எங்க கெடச்சுதுங்க?"

"எங்க கெடச்சா இன்னா? சத்தம் நல்லா வருதில்ல?"

"போலீஸ் கட்டின கயித்துக்கு உள்ளயா?"

"திருடன்னு சொல்றியா? மேல புளிய மரத்தாண்ட கெடந்துச்சு. படிச்ச மருமவ வந்தா இப்டித்தான், மாமனாரையே விசாரிப்பா."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினேன். புளிய மரத்தில் ஒரு கிளை புதிதாக வெட்டுப்பட்டிருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் தழைக்காகக் கொத்தியிருக்கலாமே என்று திரும்பி நடந்தேன். மனம் கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தேன். வெட்டுக்குள் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. விமானம் விழுந்த இடம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை.

காவலுக்குக் கட்டியதை அறுப்புக்கு முன் அவிழ்க்கக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். சந்தவாசலிலிருந்து வாழ வந்த நான் எந்த வழக்கத்தையும் அதுவரை மீறியதில்லை. அன்று மதியம் அதிகாரி வந்தபோது நானே முடிச்சை அவிழ்த்தேன். மாமனார் தடுக்கவில்லை. "பன்னி பூந்துச்சுன்னா நீயே வந்து கத்து" என்றார்.

"இத்தனை நாள் ஏன் மறைச்சு வெச்சீங்க?" என்றார் அதிகாரி.

"மறைக்கலைங்க. ஊருக்கே கேக்கற மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்."

அவர் சிரிக்கவில்லை. மரத்தடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். துண்டை வெட்டில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. கீழே விமானம் கிடந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதினார்.

அதையும் நான் நம்பவில்லை.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க சார்."

அவர் முறைத்தார். பிறகு படித்தார்: துண்டு கிடைத்தது விழுந்த இடத்தில் அல்ல, தரை தொடுவதற்கு முன்பே விசிறி உடைந்திருக்கிறது.

"கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டை நீட்டினார். நான் பேனாவை வாங்கி மாமனாரிடம் கொடுத்தேன். கண்டெடுத்தவர் அவர்தானே. ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போட்டார்.

சாயங்காலம் கொல்லையில் கிளிகள் இறங்கின. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தட்டைக் கரண்டியால் அடித்தபடி நின்றேன்.