வெள்ளை பூசாத முகம்

அம்மாவின் தம்பி வன்னி முகாமிலிருந்து தப்பி, ஜேர்மனியில் கொலோன் நகரத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. போர் முடிந்ததும் சனங்களை முள்ளுக்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்த முகாம் அது. மாமி இன்னும் அதற்குள்தான் இருந்தார். மாமா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மற்ற நேரமெல்லாம் எங்கள் வரவேற்பறையில் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி, அவற்றின்மேல் முகாமில் இருந்தவர்களை வரைந்தார். தமிழ்ச் சங்கத்தின் கண்காட்சிக்கு அவை. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அப்பா குசினிக்குள் இருத்தித் தேநீர் கொடுத்தார்.

கடைசி ஓவியத்தில் ஒரு சிறுமியும் வேண்டியிருந்தது. உடுப்புக் காயவைக்கும் கம்பிச் சட்டத்தை நிமிர்த்தி, அதன் பின்னால் மாமா என்னை இருத்தினார்.

“ஆடாமல் இரு பிள்ளை. கம்பியைப் பிடி.”

அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என் முகத்தில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுபவர்போல இருந்தார். ஓவியம் முடிந்ததும், முள்ளுக்கம்பிக்கு உள்ளே நான் நின்றேன். வரைந்திருப்பவர்கள் எல்லாரும் உண்மையிலேயே உள்ளே இருப்பவர்கள் என்று அம்மா சொல்லியிருந்தார். அப்படியானால் அடுத்தது நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். ட்ராமில் சீருடை போட்ட பரிசோதகரைக் கண்டாலே அம்மாவின் கோட்டுக்குள் ஒளிந்தேன்.

கண்காட்சி தொடங்கிய நாளில் ஓர் ஆள் வந்தார். நல்ல மாதிரித்தான் கதைத்தார். ஒவ்வொரு முகமாகக் காட்டி, “இவரின்ர பேர் என்ன?” என்று கேட்டார். போகும்போது, “நாளைக்குக் கமெராவோட வாறன் அண்ணை,” என்றார். அவர் போன பிறகுதான் அவரை அங்கே ஒருவருக்குமே தெரியாது என்பது தெரிந்தது.

அம்மா என் கையை விட்டுவிட்டு மாமாவிடம் போனார்.

“தம்பி, முகங்கள் அப்பிடியே அச்சாக் கிடக்கு. படம் அங்க ராணுவத்தின்ர கையில போய்ச் சேர்ந்தால் உள்ளுக்க இருக்கிறவைக்கு என்ன நடக்கும்? உன்ர மனிசியும் அங்கதானே.”

மாமா சுவருக்குப் பூசும் வெள்ளையை எங்கிருந்தோ எடுத்துவந்து, முதலில் மாமியின் முகத்தில் பூசினார். பிறகு பக்கத்தில் நின்ற கிழவர். பிறகு கைக்குழந்தைக்காரி. தூரிகை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அழித்தால் நான் தப்பிவிடுவேனா, இல்லாமலே போய்விடுவேனா என்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

என் முகத்தருகே தூரிகை நின்றது.

“அதையும் அழிச்சுவிடு,” என்றார் அம்மா.

“இவள் அங்க இல்லை அக்கா. இவள் இருக்கட்டும்.”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அந்த ஆள் வரவில்லை. வந்தவர்கள் முகமில்லாத கூட்டத்துக்கு நடுவே இருந்த ஒரே முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எல்லாரையும் காப்பாற்றிவிட்டு மாமா என்னை மட்டும் பிடித்துக்கொடுத்துவிட்டார் என்று நினைத்து, மேசைக்கு அடியில் புகுந்தவள் வெளியே வர மறுத்துவிட்டேன். அவர் குனிந்து கூப்பிட்டபோதும் போகவில்லை.

மாமாவுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்ததையும், முகாமுக்கு வரும் வழியிலேயே ஷெல்லடியில் அவள் போய்விட்டதையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தன் மகள் அந்த முள்ளுக்கம்பிக்குள் வந்து சேர்ந்திருந்தாலே போதும் என்று ஒரு தகப்பன் ஏங்கக்கூடும் என்பது எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?